ஏழாவது வீடியோ

வாழ்த்துச் சொல்ல வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியே துசாந்தினிக்குக் கை ஓய்ந்துவிட்டது. முருங்கன் ஊர்ப் பிள்ளை ஒன்று நடனமாட பெல்ஜியம் போகிறதென்றால் சும்மாவா?

அவளுக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. கொழும்பில் நாலு வருஷம் நவீன நடனம் படித்தவள். ஆறு குழுக்களுக்கு வீடியோ அனுப்பி, ஆறு தரமும் "மன்னிக்கவும்" என்றே பதில் வந்ததில் நெஞ்சு மரத்துப்போயிருந்தது. இதோடு சரி, இனி ஆட்டமே வேண்டாம் என்று முடிவுகட்டி அனுப்பியதுதான் இந்த ஏழாவது.

அதை உப்புக்குளத்துச் சிநேகிதி றிப்கா வயல் வரம்பில் வைத்து எடுத்தாள். அன்று பார்த்து விதைப்பு. விதைப்பை நாளைக்குத் தள்ளி வையுங்கோ என்று கேட்டதற்கு அப்பா பாலசிங்கம் மசியவில்லை.

"முளை கட்டின நெல்லு பிள்ளை, நாளை வரைக்கும் பொறுக்காது. நீ உன்ர பாட்டில ஆடு."

விதைநெல்லுக் கடகத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நெல்லை அள்ளி வீசச் சேற்றில் இறங்கிவிட்டார். தூரத்தில்தானே தெரிவார் என்று இவர்களும் விட்டுவிட்டார்கள்.

பெல்ஜியம் குழுவிடமிருந்து வந்த பதில் மூன்றே வரி. அந்த வலது கை வீச்சை மறக்க முடியவில்லை, அடுத்த வருஷ நிகழ்ச்சிக்குக் கட்டாயம் வரவேண்டும், அதற்குமுன் ஒருமுறை பேசுவோம் என்றிருந்தது. துசாந்தினி இரண்டு கையாலும்தான் ஆடியிருந்தாள். கிடைத்ததே பெரிசு, அதைப்போய் யார் கிண்டிக்கொண்டிருப்பது?

பின்னேரம் நாலு மணிக்கு அழைப்பு வந்தது. சீனிப் போத்தலில் போனைச் சாத்திவைத்து, அதன் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். அப்பா புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார். விமான நிலையத்துக்கு வாகனம் பிடிப்பதைப் பற்றிக் காலையிலிருந்து நாலு பேரிடம் விசாரித்துவிட்டார்.

திரையில் நரைத்த தலைப் பெண்மணி ஒருவர் ஆங்கிலத்தில் ஆறுதலாகப் பேசினார். வீடியோவை ஓடவிட்டு, ஓரிடத்தில் நிறுத்தி, விரலால் தொட்டுக் காட்டினார். துசாந்தினி ஒருமுறை தலையாட்டினாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறையும் ஆட்டினாள். அழுகை வருமென்று பார்த்தாள், அதுவும் வரவில்லை.

"என்னவாம் பிள்ளை? எப்ப வரட்டாம்?" என்று அப்பா கேட்டார்.

அவள் எழுந்து கதிரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இதில இருங்கோ அப்பா. அவை கூப்பிட்டது உங்களை."