நான்கு முதல் ஐந்து வரை

பல்கலைக்கழகக் கணினி அறை வாசலில் தொங்கும் பதிவுக் கொப்பியில் அருந்ததியின் பெயர் இல்லை. தாள் தட்டுப்பாட்டால், அழித்து மறுபடி எழுதலாம் என்று, அறை கேட்பவர்கள் எல்லோரும் பென்சிலால்தான் பதிகிறார்கள். பென்சிலும் அழிறப்பரும் கொப்பியோடு நூலில் ஆடுகின்றன. நான்கு முதல் ஐந்து வரை என்ற நேரத்துக்கு நேரே அவள் பெயர் இருந்த வரியில் சாம்பல் நிறத் தேய்வு மட்டும் மிஞ்சியிருக்கிறது. வெளியே ஜெனரேற்றர் மண்ணெண்ணெய் நாற்றத்தோடு உறுமுகிறது. அதன் வயர் இந்த அறையை விட்டுவிட்டு, வேப்பமர நிழலைக் கடந்து மண்டபத்துக்குள் போகிறது. முந்நூறு கிணறுகளின் உப்பளவு அவள் கையிலுள்ள டிஸ்கில் இருக்கிறது. ஆய்வேட்டுக்கு நாளை கடைசி நாள்.

"கோவிக்காதையும் பிள்ளை," என்கிறார் அறைப் பொறுப்பாளர் பரமலிங்கம். "பேராசிரியருக்குப் பாராட்டு விழா. மைக்குக்குக் கரண்ட் வேணுமாம்."

"மைக் இல்லாட்டி மாலை கழுத்திலை நிக்காதோ, அண்ணை? போன கிழமையே பதிஞ்சனான். ஆர் அழிச்சது?"

அவர் சாவிக்கொத்தைப் பார்க்கிறார். மாணவர் நலனுக்காகவே வாழும் பெருந்தகை என்று மண்டபத்து ஒலிபெருக்கி முழங்க, கைதட்டலில் யன்னல் கண்ணாடி அதிர்கிறது. அருந்ததி பேனையைத் திறந்து, தேய்ந்த வரியிலேயே தன் பெயரைத் தாள் கிழியுமளவுக்கு அழுத்தி எழுதுகிறாள்.

"கரண்ட் இல்லாமல் உள்ளை போய் என்ன செய்யப் போறீர்?"

"என்ரை மணித்தியாலம், அண்ணை. இருக்கப் போறன்."

கறுத்துக் கிடக்கும் திரைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, விசைகளின் மேல் விரல்களை வைத்தபடி அவள் இருக்கிறாள். வாசலில் பரமலிங்கம் அழிறப்பரை நூலோடு அறுத்தெடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்.