வேறொரு நாளின் வானம்

சபாபதி எடுத்த ஏரிப் படத்தில் வானம் வெறுமையாக விழுந்திருந்தது. வேறொரு நாள் எடுத்த மேகங்களை அதன் மேல் சேர்த்து, எல்லாவற்றையும் பனிமூட்டம் போல மங்கவிட்டு அச்சிட்டார். ஈரம் காயாத படத்தை மனைவியிடம் நீட்டினார்.

"இந்தத் தடவை கண்காட்சியில பரிசு எனக்குத்தான். பார்த்தாலே மனசு கனக்குதில்ல?"

தெய்வானை ஏரியைப் பார்க்கவே இல்லை. "கொம்பொடிஞ்ச ஆடு மாதிரி இந்த மேகம், நம்ம பொண்ணு கோமதி செத்த அன்னிக்கு வந்தது. முற்றத்தில கிடந்து இதையேதான் பார்த்துட்டிருந்தேன்."

அவர் நீட்டிய கையைத் தாழ்த்தினார்.

"பிள்ளையைத் தூக்க அப்பன் எங்கேன்னு வீடே தேடுச்சு. கடைசியில எங்கண்ணன்தான் தூக்கிட்டுப் போனாரு. நீங்க மாடியில படம் பிடிச்சிட்டு இருந்தீங்களா?"

படமெடுக்கும்போது தலைக்கு மேல் போர்த்திக்கொள்ளும் கறுப்புத் துணியைச் சபாபதி கேமராவின் மேலிருந்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுக்குள்ள தலையை விட்டுக்கிட்டா, அழுதா யாருக்கும் தெரியாது, தெய்வானை."

தெய்வானை அந்தத் துணியின் ஒரு முனையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அதுக்குள்ள இன்னொரு ஆளுக்கும் இடம் இருந்திருக்குமே" என்றாள்.