அன்னத்தைத் திருப்பிய வரி

"யார் சார் இந்த பி.ஆர்.?" என்று திரையைத் தொட்டுக் கேட்டாள் மானஸா. வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகிறது.

"ப்ரஹ்லாத். மூணு வருஷம் முன்னாடி இங்க இருந்தான்" என்றான் ஆராவமுதன்.

பட்டுச் சேலைக் கரைக்கு டிசைன் போடும் மென்பொருள் அது, ஸ்மால்டாக் என்ற பழைய நிரல்மொழியில் எழுதியது. நிரல் முழுவதும் ஒரே படிமமாக இருக்கும், பாதி நெய்த தறியைப் பாவோடு தூக்கி வைத்தாற்போல. ஒவ்வொரு துண்டின் தலையிலும் எழுதியவரின் பெயரெழுத்தும் தேதியும் முத்திரையாக விழும்.

அந்த முத்திரையைக் காட்டித்தான் ப்ரஹ்லாதை முதலாளி வெளியே அனுப்பினார். அவன் முத்திரை விழுந்த துண்டில் ஒரு வரி தவறி, எதிரெதிரே பார்க்க வேண்டிய அன்னங்கள் அறுபது முகூர்த்தச் சேலைகளில் முதுகு காட்டி நின்றன.

நான் எழுதவில்லை என்று ப்ரஹ்லாத் பெருமாள் மேல் சத்தியம் செய்தான். இப்போது ஐயம்பேட்டையில் செல்போன் ரீசார்ஜ் செய்து பிழைக்கிறான்.

இன்று எல்லாமே, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' என்ற மென்பொருளுக்கு மாறுகிறது. அது வரிவரியாகப் பிரித்து வைக்கும். எந்த வரி யாருடையது என்று கேட்டால் சொல்லும். இழை இழையாக மானஸாவுக்கு விளக்கினான் ஆராவமுதன்.

"பழைய முத்திரை வேண்டாம்மா. ரெண்டு பேர் ஒரே துண்டைத் திருத்தினா அதுதான் முதல்ல மோதிக்கும்."

அது உண்மையும்கூட. அந்த இரண்டெழுத்தைப் பார்க்காமல் ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும் என்பதை அவன் சொல்லவில்லை.

முத்திரைகள் போயின. பதிவேற்றி முடித்தான்.

அன்னக் கதையை ஏற்கெனவே கேட்டிருந்த மானஸா, ஆசையாக அன்னத்தைத் திருப்பும் வரியை எடுத்து, இது யாருடையது என்று கிட்டைக் கேட்டாள். பதிவேற்றியவன் பெயரைத்தானே அது சொல்லும்?

ஆராவமுதன், என்றது.

"ஐயோ சார், ப்ரஹ்லாத் பண்ணின தப்பும் உங்க தலையில விழுந்துடுத்தே!" என்று சிரித்தாள்.

அவனால் சிரிக்க முடியவில்லை.

மூன்று வருடம் முன்பு கருட சேவைக் காலையில், ப்ரஹ்லாத் பெருமாளைத் தோளில் சுமந்து வீதியில் போய்க்கொண்டிருந்தான். ஆளில்லாத அலுவலகத்தில் ஆராவமுதன் அவனுடைய படிமத்தை நகலெடுத்து, அந்த ஒரு வரியை மாற்றினான்.

படிமத்தை நகலெடுத்தால் உடையவனின் பெயரெழுத்தும் கூடவே வந்துவிடும். அதற்குப் பிறகு யார் எழுதினாலும் அதே முத்திரைதான் விழும்.

இதை மட்டும் அவன் யாருக்கும் விளக்கியதில்லை.