சிவப்புக் கோட்டுக்குள்ளே

கடல் பொங்கினால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று சிவப்புக் கோடு போட்டு வரைபடம் தயாரிக்க, அந்த நில அளவையாளருக்கு இரண்டு வருடம் பிடித்தது. அலுவலகத்தில் ஒருத்தரும் அதைச் சீந்தவில்லை. மேலதிகாரி அதன்மேல் டீ கிளாஸை வைத்ததைப் பார்த்ததிலிருந்து அவருக்கு வேலையே வெறுத்துப்போயிருந்தது.

அன்று ஒருவர் அவரைத் தேடி வந்தார்.

"கடற்கரையில வீடு கட்டப் போறவங்களுக்காக வந்திருக்கேன் சார். உங்க வரைபடத்தைப் பார்க்கணும்."

அளவையாளருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஒரு மணி நேரம் தொண்டை வற்ற விளக்கினார். வந்தவர் கவனமாகக் குறித்துக்கொண்டார்.

"அப்போ இந்தக் கோட்டுக்குள்ள வர்ற நாப்பது மனையும்தான் கடலுக்கு ரொம்பக் கிட்ட இருக்கு, இல்லையா?"

"கிட்டயா? முதல் அலையே வாசப்படி ஏறிடும்."

"இந்த நாப்பதும் கடலுக்கு மிக அருகில்னு எழுதி, முத்திரை போட்டுத் தருவீங்களா?"

"தாராளமா. உங்க ஒருத்தருக்காவது உறைச்சுதே."

முத்திரை பதித்த தாளை மடித்து வந்தவர் பையில் வைத்துக்கொண்டார்.

"பெரிய உதவி சார். கடலை ஒட்டின மனைன்னு நாங்க எவ்வளவு விளம்பரம் பண்ணினாலும் வாங்கறவங்க நம்ப மாட்டேங்கறாங்க. இனிமே இதைக் காட்டியே ரெட்டை விலைக்கு வித்துடலாம்."