பெத்தாயன

“பெத்தாயன கெளம்பிட்டாரா? கூட எத்தினி பேரு?”

வெளியே ரங்கையா போனில் கேட்டது காதில் விழுந்ததும் தேவயானியின் கையிலிருந்த டம்ளர் நழுவியது. டீ கட்டில் விரிப்பெல்லாம் கொட்டியது. அவள் துடைக்கக்கூட இல்லை.

பெத்தாயன என்றால் தெலுங்கில் பெரியவர். பாலசமுத்திரம் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் எல்லோருமே அவளுடைய அப்பாவை, அவளுக்கு நைனாவை, அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருடைய கரும்புக் கொல்லையில் களையெடுக்க வருகிற காலனிக்காரம்மாவின் மகன் திலீப்போடு அவள் ஊரை விட்டு வந்து இரண்டு நாள் ஆகிறது. கையில் கிடைத்தால் அவனை உயிரோடு விட மாட்டேன் என்று நைனா நடுத்தெருவில் நின்று சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்கிறவர்.

திலீப் எழுந்து போய்க் கதவைத் திறந்தான். யார் அந்தப் பெத்தாயன என்று கேட்டான்.

ஆந்திராவில், பலமனேர் காட்டோரம் இருந்த அந்த விடுதியில் வாட்ச்மேன், சமையல்காரர் எல்லாமே ரங்கையாதான். வந்த அன்று தேவயானியின் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தவர், நம்ம பக்கத்துப் பொண்ணு என்று சந்தோஷப்பட்டார். அன்றிலிருந்து அவளிடம் தமிழில்தான் பேச்சு. திலீப்பிடம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

இப்போதும் அவர் அவளைப் பார்த்துத்தான் சிரித்தார். “அய்யோ, பயந்துட்டியாம்மா? தும்பிக்கைக்காரரச் சொன்னேன். காட்டுல இருந்துக்கினு அவரு பேரச் சொல்லக் கூடாது. பெத்தாயனன்னுதான் சொல்லணும்.”

நம்பாமல் இருக்க முடியாது. அன்று விடியற்காலையில்தான் ஒற்றைக் கொம்பன் ஒன்று வேலிக்கல்லைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்து தண்ணீர்த் தொட்டியில் குடித்தது. அவ்வளவு பெரிய உடம்பு வந்த சத்தமே கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்தவள் எதிரே சுவர் போல நின்றதைப் பார்த்து, கத்தவும் வராமல் திலீப்பின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ரங்கையா தகரத்தைத் தட்டி விரட்டியிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. அதன் சாணம் இன்னும் வாசலில் கிடந்தது.

இது வேறு கூட்டம் என்றார் ரங்கையா. நான்கு உருப்படி, பங்காருபாளையத்துப் பக்கமிருந்து மொகிலிக் கணவாய் ஏறுகிறதாம். பின்னாலேயே வனத்துறை வாட்ச்சர்கள் வருகிறார்களாம். அவர்கள்தான் போனில் சொன்னார்களாம்.

தேவயானிக்கு மூச்சு வந்தது. யானைக்குப் பயப்படுவது அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

மூன்று மணிக்கு பெங்களூரிலிருந்து திலீப்பின் கூட்டாளி யஸ்வந்த் கார் கொண்டுவருவதாக இருந்தது. அங்கே ஒரு வக்கீல் இருக்கிறார். அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டால் போலீஸ் பாதுகாப்பு வாங்கித் தருவார். யாரும் தேடிக் கண்டுபிடிக்கக் கூடாதென்று இருவரும் போனை அணைத்து வைத்திருந்தார்கள். யஸ்வந்தோடு பேசுவதெல்லாம் ரங்கையாவின் போனில்தான்.

அரை மணி கழித்து ரங்கையா மறுபடி வந்தார். இந்த முறை சிரிக்கவில்லை. பெத்தாயன விடுதிக்கு வரும் மண்பாதையில் திரும்பிவிட்டாராம். கார் மெயின் ரோட்டிலேயே நிற்கட்டும் என்று யஸ்வந்திடம் சொல்லிவிட்டாராம். ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளுங்கள், நான் கூப்பிடும் வரைக்கும் மூச்சு விடக் கூடாது என்றார்.

“பின்பக்கமா ஓடிடலாமா?” என்று கேட்டான் திலீப்.

“ஓடுறவனத்தான் மிதிக்கும்,” என்றார் ரங்கையா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

அறை இருட்டாகிவிட்டது. இருவரும் கட்டிலை ஒட்டித் தரையில், சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்தார்கள். திலீப் அவள் காதருகில் சொன்னான். “பங்காருபாளையத்துல இருந்து இங்க வர நம்ம பஸ்ஸுக்கே முக்கா மணி ஆச்சு. பெத்தாயன பஸ்ஸ விட ஸ்பீடா வந்துக்கினு கீறாரு பாத்தியா?”

“வாய மூடு நீ,” என்று அவன் தொடையில் கிள்ளினாள். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. ஊரை விட்டு வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

கொஞ்ச நேரத்தில் வெளியே சருகு நொறுங்கியது. ஒரு காலடி இல்லை, பல காலடிகள். ஒன்று சுவரை ஒட்டிக்கொண்டு பின்பக்கம் போனது. ஒன்று ஜன்னலுக்கு வெளியே நின்றது. அது மூச்சு விடுவது கேட்டது. தேவயானி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நைனாவிடமிருந்து தப்பித்து வந்து யானையிடம் சாக வேண்டுமா என்று நினைத்தாள்.

பிறகு எல்லாம் அடங்கியது.

கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. “போயிட்டாரும்மா,” என்றது ரங்கையாவின் குரல். “கார் வந்து நின்னுக்கினு கீது. சீக்கிரம் வாங்க.”

திலீப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். அவள் ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள்.

வெயிலில் கண் கூசியது. ரங்கையா தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக விலகி நின்றார்.

“யானையப் பாத்தியா கண்ணு?” என்றார் நைனா.