கோதுமை மா போலப் பனி

கனடாவில், மில்லிக்கனில் தனியாக இருக்கும் இராஜரட்ணம், விடிந்ததும் முதல் வேலையாகக் கணினியைத் திறந்து பனிச்சறுக்கு மலையின் அன்றைய நிலவரத்தைப் படிப்பார். சறுக்குவதற்காக அல்ல. வாசலில் கிடக்கும் பனியைத் தள்ளும்போதே திட்டித் தீர்க்கிற மனிதர் அவர்.

ஒஷாவாவில் இருக்கும் மகன் சுலக்சனுக்குத்தான் சறுக்குப் பைத்தியம். இராஜரட்ணத்தின் மனைவி இறந்த பிறகு "சாப்பிட்டியோ?", "ஓம்" என்பதோடு முடிந்துபோன தொலைபேசிப் பேச்சை, இந்தப் பனிதான் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தது.

அன்றும் படித்தார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனுக்குக் கைபேசியில் எடுத்தார்.

"தம்பி, இரவு இருபது சென்ரிமீற்றர் புதுப்பனி விழுந்திருக்காம். ஈரமே இல்லையாம், கோதுமை மா மாதிரி."

"ஓம் அப்பா, நான் இப்ப அங்கைதான் நிக்கிறன். நீங்கள் சொன்ன மாதிரித்தான், காலுக்குக் கீழை அப்பிடியே மா!"

"சனம் கனக்கவோ?"

"சரியான சனம். லிஃப்ற்றுக்குப் பெரிய லைன்."

அவ்வளவு சனத்தில் ஒருவருடைய குரலும் இராஜரட்ணத்துக்குக் கேட்கவில்லை. மகன் பக்கத்தில் மைக்ரோவேவ் ஒன்று கத்தி ஓய்ந்தது மட்டும் கேட்டது.

"குளிருக்கு வடிவா மூடிக்கொண்டு நில், தம்பி."

"ஓம் அப்பா." மகன் தயங்கினான். "நாளைக்கும் எடுப்பியள்தானே?"

"எடுக்காமல்? நாளைக்கும் கொட்டுமாம்."

கைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினார். திரையில் அறிவிப்பு அப்படியே இருந்தது: 'கடும் மழையில் பனி முழுவதும் கரைந்துபோனதால், இந்தப் பருவத்துக்கு மலை நேற்றோடு மூடப்பட்டது.'