போர்வைக்குள் அம்மாள்

கரண்ட் இல்லாத வார்டில் பின்னேர வெளிச்சம் மங்கிக்கொண்டு வருகிறது. காலில் ரத்தம் உறைந்து படுத்திருக்கும் தம்பிராசாவின் போர்வையைப் பெண்சாதி ஞானாம்பிகை மெல்ல விலக்கிப் பார்க்கிறாள். ரத்தத்தை இளக்கவென்று வயிற்றில் ஊசி போட்ட இடங்களெல்லாம் மத்தியானத்தைவிடச் செக்கச்செவேலென்று தடித்திருக்கின்றன. அம்மையாய் அம்மாள்தான் இறங்கியிருக்கிறாள், வேறொன்றுமில்லை. அம்மாளை நோய், வருத்தமென்று வாயால் சொல்லக்கூடாது. முற்றத்தில் ஒடித்து வந்த வேப்பிலையைத் தலையணைக்குக் கீழே செருகிவிட்டு, போர்வையை அவன் கழுத்துவரை இழுத்துவிடுகிறாள். டொக்டர் கட்டிலடியில் வந்து நிற்கிறார். "அம்மா, உந்த ஊசி சிலபேருக்கு ஒத்துவராது. உடம்பு மருந்தோடை சண்டைக்குப் போய், ரத்தத்தை உறையவைக்கிற தட்டுகளைக் கிளப்பி, ரத்தத்தை இன்னும் கட்டியாக்கிவிடும். போட்ட இடம் சிவந்தால் உடனை நிப்பாட்டோணும். ஏதும் சிவந்ததோ?" இது ஊசியின் சிவப்பில்லையே, அம்மாளின் சிவப்பல்லவோ. "இல்லை ஐயா," என்கிறாள். வாசலில் ஷெல் காயக்காரரை இறக்கும் சத்தம் கேட்டு அவர் ஓடுகிறார். ஊசியோடு தாதி வருகிறாள். "வயித்திலை வேண்டாம் மிஸி, இண்டைக்குக் கையிலை போடுங்கோ," என்று, அம்மாள் இருக்கும் வயிற்றைத் திறக்காமல் புருஷனின் கையைத் தானே நீட்டிப் பிடிக்கிறாள் ஞானாம்பிகை. மேலே இழுத்த போர்வை எட்டாத கால்மாட்டில், அவனுடைய பெருவிரல் நாவற்பழமாய்க் கறுத்துக்கொண்டிருக்கிறது.